கோட்டையின் பெயர் தாங்கிய கப்பல்

ஃபாக்லந்துத் தீவுகளில் அர்ஜென்டினப் படைகள் கரையிறங்குவதற்கு நான்கு நாட்கள் முன்னதாக, பிரிட்டிஷ் ஜனங்களிலேயே பலர் அத்தீவுகள் ஸ்காட்லாந்துக்கு அப்பால் எங்கோ இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், 1982-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி, ஜிப்ரால்டரிலிருந்து ஒரு கப்பல் தென் அட்லாண்டிக்கை நோக்கிப் புறப்பட்டது. பெரும் பீரங்கியோ ஏவுகணைப் பொறியோ பூணாத கப்பல் அது. அதன் வயிற்றில் இருந்தவை மாவு, உருளைக்கிழங்கு, உறையவைத்த மாமிசம், இயந்திர உதிரிப்பாகங்கள், மற்றக் கப்பல்களின் பீரங்கிகள் உண்பதற்கான குண்டுகள். அந்த யுத்தத்திற்கென்று பிரிட்டன் அனுப்பிய முதல் மேற்பரப்புக் கப்பல் என்ற ஸ்தானம், விமானந்தாங்கிக்கோ நாசகாரிக்கோ கிடைக்காமல், ‘ஃபோர்ட் ஆஸ்டின்’ என்னும் இந்தப் பண்டகக் கப்பலுக்குக் கிடைத்தது என்பதைச் சரித்திர நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகின்றன. அந்த ஒரு வரியில் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

முதலாவது, அதன் பெயர். ஃபோர்ட் ஆஸ்டின் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக்காரர் படையெடுத்து வந்துவிடுவார்களோ என்ற பீதியில், பாமர்ஸ்டன் பிரதம மந்திரியாயிருந்தபோது பிளிமத் துறைமுகத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட கோட்டைகளில் ஒன்று. இக்கப்பலின் சகோதரக் கப்பலான ‘ஃபோர்ட் கிரேஞ்ச்’ என்பதும் அதே காலத்தில் காஸ்போர்ட்டில் எழுந்த ஒரு கோட்டையின் பெயரையே தாங்கியது. அரிசி மூட்டையும் வெடிமருந்தும் சுமக்கும் கப்பலுக்குக் கோட்டையின் பெயரா என்று நமக்கு முதலில் தோன்றலாம். ஆயினும், கோட்டைக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்த திருக்குறளின் அரண் அதிகாரம், மதிலின் உயரத்தையும் திண்மையையும் சொல்வதோடு நில்லாமல், உள்ளே சேர்த்து வைத்திருக்க வேண்டிய உணவையும் அந்த இலக்கணத்தில் சேர்த்தே எண்ணுகிறது. அந்த நோக்கில் பார்த்தால், பெயரிட்டவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இக்கப்பல் சேர்ந்திருந்த ஸ்தாபனமும் சற்று விசித்திரமானது. ‘ராயல் ஃப்ளீட் ஆக்ஸிலியரி’ எனப்படும் அரச கடற்படைத் துணைக்கப்பற் பிரிவு 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அட்மிரால்டியின் ஒரு சுற்றறிக்கையால் உருவாயிற்று. கப்பல்கள் அரசாங்கத்தின் சொத்து. அவை செல்வது கடற்படையின் உத்தரவுப்படி. அவற்றின் மேனிக்குப் பூசப்படுவதும் போர்க்கப்பலின் சாம்பல் நிறமே. ஆனால் அவற்றை ஓட்டுகிறவர்கள் சிப்பாய்கள் அல்லர்; வர்த்தகக் கப்பல் மாலுமிகளின் பயிற்சியும் பதவிப்பெயரும் உடைய சாதாரணக் குடிமக்கள். போர்க்கப்பல் வெள்ளைக் கொடி பறக்கவிடும். வர்த்தகக் கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிடும். இவர்களுக்கோ நிமிர்ந்து நிற்கும் பொன்னிற நங்கூரம் பொறித்த நீலக் கொடி. இரண்டு உலகங்களுக்கும் நடுவே நின்று இரண்டினாலும் முழுவதும் சொந்தம் பாராட்டப்படாதவர்களின் நிலை எதுவோ அதுவே இவர்கள் நிலை.

இப்படிப்பட்ட கப்பல்களுக்கு ஏன் அவசியம் நேர்ந்தது என்று கேட்டால், நிலக்கரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாய்மரக் காலத்துப் போர்க்கப்பலுக்குக் காற்று இனாமாகக் கிடைத்தது. தண்ணீரும் ரொட்டியும் தீரும்வரை அது கடலிலேயே இருக்கலாம். நீராவி வந்ததும் கப்பலின் வேகம் பெருகியது, சுதந்திரம் சுருங்கியது. சில நாட்களுக்கு ஒருமுறை அது ஏதேனும் ஒரு துறையில் ஒதுங்கிக் கரி ஏற்றிக்கொண்டே தீர வேண்டும். 1904-05-இல் பால்டிக் கடலிலிருந்து கிழக்காசியாவரை ஏறத்தாழ 18,000 மைல் பிரயாணம் செய்த ரஷ்ய அட்மிரல் ரோஷெஸ்ட்வென்ஸ்கியின் கப்பற்படை, வழியில் தனக்கென ஒரு துறைமுகமும் இல்லாமையால், வாடகைக்கு அமர்த்திய ஜெர்மன் கரிக்கப்பல்களை நம்பியே ஊர்ந்தது. மூட்டைகளை மேல்தளத்திலும் அறைகளிலும் அடுக்கிக்கொண்டு, கரிப்புழுதியை உண்டு, கரிப்புழுதியில் உறங்கி, சூஷிமாவில் ஜப்பானியரை எதிர்ப்பட்டபோது அது பாதி தோற்றே இருந்தது. பிரிட்டனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஜிப்ரால்டர், மால்ட்டா, சூயஸ், ஏடன், திருகோணமலை, சிங்கப்பூர், ஹாங்காங் என்று ஒன்றன்பின் ஒன்றாக அதன் வசமிருந்த துறைகள், நெடுஞ்சாலையில் சத்திரங்கள் அமைந்தாற்போல, பாதி பூமியைச் சுற்றி அமைந்திருந்தன.

கரி போய் எண்ணெய் வந்த பிறகும் அந்த ஏற்பாடே தொடர்ந்தது. முதல் உலக யுத்தத்திற்குச் சற்று முன்பு சர்ச்சில் கடற்படை மந்திரியாயிருந்தபோது பெரிய போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றத் துணிந்ததும், 1914-இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளைப் பிரிட்டிஷ் அரசாங்கம் வாங்கியதும் யாவரும் அறிந்த சரித்திரம். பாரசீகத்து எண்ணெய் தேங்கிய இடங்களில் ஒன்று திருகோணமலை. அங்கே காட்டு மரங்களுக்கு இடையே ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தொட்டிகள், ஒவ்வொன்றும் பல ஆயிரம் டன் கொள்ளும்படி, இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்பே நிறுவப்பட்டன. துருவேறிய மேனியோடு அவற்றுள் பல இன்றும் நிற்கின்றன.

நிலத்தில் நடப்பட்ட சேமிப்பு எதிரிக்கும் முகவரி தெரிந்த சேமிப்பு என்பதை 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி காட்டியது. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தை விட்டு முன்னரே வெளியேறியிருந்த ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கியை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தன. ஹெர்மிஸ் மூழ்கிய கதை பல நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதே நாளில், அதே கடலில், ‘ஆதெல்ஸ்டேன்’ என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது என்பதை அறிந்தவர்கள் கிழக்கிலங்கையிலேயே சிலர்தான் இருக்கக்கூடும். முக்குளிப்பவர்கள் மட்டும் அதன் உடலைத் தேடிப் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

திருகோணமலையிலிருந்தே 1945 ஜனவரியில் பசிபிக்குக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பற்படை, துறையை நம்பி வளர்ந்த ஒரு சேனையின் பலவீனம் முழுவதையும் அங்கே அனுபவித்தது. அமெரிக்கரோ பசிபிக்கின் அகண்ட வெளியில் துறைமுகத்தையே கடலுக்குக் கொண்டுபோகும் வித்தையை மூன்றாண்டுகளில் கற்றுத் தேர்ந்திருந்தார்கள். ஒகினாவாவுக்குத் தெற்கே சண்டையிட்ட பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டு மூன்று நாள் தாக்கிவிட்டு, எண்ணெயும் குண்டும் வாங்கிக்கொள்ளப் பின்வாங்க வேண்டியிருந்தது. அவற்றின் பின்னால் வந்த ஊழியக் கப்பல்களோ ஒன்றுக்கொன்று வேகத்திலும் பருமனிலும் ஒவ்வாதவை; பல கொடிகளின் கீழ், பல பாஷை பேசும் மாலுமிகளால் ஓட்டப்பட்டவை. எண்ணெய்க் கப்பலின் வாலில் ரப்பர்க் குழாயை மிதக்கவிட்டு, பின்னால் வரும் போர்க்கப்பல் அதைப் பிடித்துக்கொள்வதே பெரும்பாலும் அவர்கள் அறிந்த முறை. குழாய் வெடிப்பதும், கைநழுவிப் போவதும், பல மணிநேரம் வீணாவதும் வழக்கமாயிற்று. கடலில் இவ்வாறு சந்திப்பதற்கென்று குறித்த இடங்களுக்குக் கொசு, கொசுவினும் சிறிய கடிபூச்சி, பேன் ஆகியவற்றின் பெயர்களை இட்டிருந்தார்கள். வேலையின் சுகத்தை அனுபவித்தவர் யாரோ அந்தப் பெயர்களைத் தேர்ந்திருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்ததும் பாடத்தை மறக்காமலிருந்ததற்கு ஒரு காரணம், ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ‘நார்ட்மார்க்’ என்ற எண்ணெய்க் கப்பல். அதற்கு ‘புலவாயோ’ என்று புதுப்பெயரிட்டு, இரண்டு கப்பல்களும் பக்கத்துக்குப் பக்கம் ஓடும்போதே பண்டங்களை மாற்றும் முறையைப் பரிசோதிக்கும் சாலையாகக் கடற்படை அதனைப் பயன்படுத்திற்று. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அரசியல். சூயஸ் தளத்திலிருந்து கடைசிப் பிரிட்டிஷ் துருப்பு 1956-இல் வெளியேறியது. திருகோணமலை 1957-இல் இலங்கையின் கைக்கு வந்தது. ஏடன் 1967-இல் போயிற்று. 1971-இல் சிங்கப்பூரிலிருந்த பெரும்படையும் கலைந்தது. சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த பின்னும் பிரயாணத்தை நிறுத்த மனமில்லாத ஒருவன் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வான்? பிரிட்டிஷ் துணைக்கப்பல்கள் பெருத்தும் விரைந்தும் வளர்ந்த காலமும், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் சுருங்கிய காலமும் ஒன்றாயிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபோர்ட் ஆஸ்டினை நான் அந்த வரிசையிலேயே வைத்துப் பார்க்கிறேன். அது இழந்துபோன ஒரு துறைமுகத்தின் கிட்டங்கி, இரும்பில் வார்த்து இயந்திரம் பொருத்தப்பட்டது.

கிளைட் நதிக்கரையில் கிரீனாக் நகரத்து ஸ்காட் லித்கோ தளத்தில் கட்டப்பட்ட அக்கப்பல் 1978 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டு, 1979-இல் சேவைக்கு வந்தது. நீளம் ஏறக்குறைய 185 மீட்டர். அகலம் 24 மீட்டர். முழுப் பாரத்தோடு 23,000 டன்னளவு கனம். ஒற்றை டீசல் இயந்திரத்தால் மணிக்கு இருபது கடல்மைலுக்கு மேற்பட்ட வேகம். சுமார் 3,500 டன் பண்டம் அதில் அடங்கும். எண்ணெய்க் கப்பலின் வேலையைவிட இதன் வேலை கடினமானது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் கப்பலிடம் யார் எதைக் கேட்டாலும் விடை ஒன்றே. குழாயை மாட்டித் திறந்துவிட்டால் ஆயிற்று. இதுவோ, ஒரு கப்பல் டார்ப்பிடோ கேட்க, மற்றொன்று முட்டைக்கோசு கேட்க, வேறொன்று தன் ராடாரின் குறிப்பிட்ட ஒரு சிறு பாகத்தைக் கேட்க, அத்தனையையும் எந்தத் தட்டில் எந்தப் பெட்டியில் என்று அறிந்து, எடுத்து, வரிசைப்படுத்தி, கடல் குலுங்கிக்கொண்டிருக்கும்போதே மேல்தளத்திற்கு ஏற்ற வேண்டும். ஆகவே மாலுமிகளோடு கடற்படைப் பண்டகசாலை இலாகாவைச் சேர்ந்த சிவிலியன் ஊழியர்களும் அதில் வசித்தார்கள். அவர்கள் மாலுமிகளும் அல்லர், போர்வீரர்களும் அல்லர். நம்மூர் மண்டியில் பேரேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையின் இனத்தவர். வெடிமருந்து அறைக்கும் குளிர் அறைக்கும் நடுவே ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஓடுவதும், லிஃப்ட்டுகள் ஏறி இறங்குவதுமாக, கப்பலின் உட்புறம் ஒரு பெரிய கிட்டங்கியைப் போலவே இருந்தது; பின்புறத்திலோ ஹெலிகாப்டர்கள் தங்கும் கொட்டகையும் இறங்கும் தளமும்.

பண்டம் மாற்றும் காரியத்தை நேரில் கண்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. கொடுக்கும் கப்பல் ஒரே திசையில், மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கடல்மைல் வேகத்தில், அசையாத மனத்தோடு போய்க்கொண்டிருக்கும். வாங்கும் கப்பல் பின்னாலிருந்து வந்து, நாற்பது ஐம்பது மீட்டர் இடைவெளியில் அதற்கு இணையாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். ஒரு துப்பாக்கியால் மெல்லிய நூல் ஒன்றை அக்கரைக்குச் சுடுவார்கள். நூலோடு கயிறும், கயிற்றோடு வடமும் போய்ச் சேரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய அந்த இரும்பு வடத்தில், கப்பி பூட்டிய கொக்கியில் தொங்கிக்கொண்டு, ஒரு டன் இரண்டு டன் கனமுள்ள சுமைகள் அலைக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வரும். கப்பல்கள் நெருங்கினால் வடம் தளர்ந்து சுமை நீரில் தோயும். விலகினால் வடம் விறைத்து அறும். ஆகவே வின்ச் இயந்திரம் ஓயாமல் விட்டும் இழுத்தும் அதன் இறுக்கத்தைச் சமன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பெரும் உடல்களுக்கு நடுவே நெருக்குண்ட நீர் வேகம் பெற்று ஓடும்போது அழுத்தம் குறைந்து, கப்பல்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். சுக்கான் பிடிப்பவன் பாகை கணக்கில் திருத்திக்கொண்டே மணிக்கணக்காக நிற்பான். இடைவெளியை அளக்க நிறநிறமான சிறு கொடிகள் கோத்த ஒரு கயிறு குறுக்கே கட்டப்பட்டிருக்கும். இரவானால் கொடிகளுக்குப் பதில் விளக்குகள். இவ்வளவு நேரமும் அவ்விரு கப்பல்களும் திரும்பவோ ஓடவோ முடியாதபடி பிணைப்புண்டு கிடக்கின்றன. நீர்மூழ்கிக்கு இதைவிடச் சௌகரியமான குறி கிடைக்காது. ஆபத்து வந்தால் வடங்களை விடுவித்துக்கொண்டு சடுதியில் பிரிந்து போவதற்கும் தனி ஒத்திகை உண்டு.

1982-இல் ஃபோர்ட் ஆஸ்டினை ஓட்டியவர் காமடோர் சாம் டன்லப். தென் அட்லாண்டிக்கில் தனித்து நின்ற ‘எண்டியூரன்ஸ்’ என்னும் செம்மேனிப் பனிக்கடல் ரோந்துக் கப்பல், உணவும் எரிபொருளும் குறைந்துகொண்டிருக்கும் நிலையில், போர் மூண்டால் முதலில் பட்டினி கிடக்க வேண்டியதாயிருந்தது. அதைக் காப்பதற்கே மார்ச் மாதத்து அவசர உத்தரவு. வழியில் அசென்ஷன் தீவில் விசேஷ விமானச் சேவைப் படையினரான எஸ்.ஏ.எஸ். வீரர்களை ஏற்றிக்கொண்டு, ஏப்ரல் 12-ஆம் தேதி அது எண்டியூரன்ஸைச் சந்தித்து அவர்களையும் சரக்குகளையும் மாற்றியது. அர்ஜென்டினர் பிடித்திருந்த தெற்கு ஜார்ஜியாத் தீவு ஏப்ரல் 25-இல் மீட்கப்பட்டது. பிரிட்டனிலிருந்து ஃபாக்லந்துக்கு 8,000 மைல். நடுவே அசென்ஷன் என்ற எரிமலைப் பாறை ஒன்றைத் தவிர நிற்க நிழலில்லை. இருபதுக்கும் மேற்பட்ட துணைப்பிரிவுக் கப்பல்கள் அந்தப் பாதையில் போய்வந்தன. இவ்வேற்பாடு இல்லாவிட்டால் விமானந்தாங்கிகளும் நாசகாரிகளும் அசென்ஷனுக்குத் தெற்கே சில நாட்கள் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருக்க வேண்டியதே.

மே 21-ஆம் தேதி சான் கார்லோஸ் விரிகுடாவில் துருப்புகள் இறங்கியபோது ஃபோர்ட் ஆஸ்டினும் உள்ளே நின்றது. தாழப் பறந்து வந்த அர்ஜென்டின விமானங்களுக்கு நடுவே, உள்ளே வெடிமருந்தைச் சுமந்துகொண்டு நங்கூரமிட்டு நிற்பது எத்தகைய மனநிலையை வேண்டுவது என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதுபவனால் சொல்ல இயலாது. அவ்விமானிகள் தங்களை எதிர்த்துச் சுட்ட போர்க்கப்பல்களையே பெரும்பாலும் குறிவைத்தார்கள். சரக்குக் கப்பல்களைக் குறிவைத்திருந்தால் யுத்தத்தின் போக்கே வேறாயிருக்கும் என்பது பிற்பாடு பலர் கண்டு சொன்ன உண்மை. அது வெறும் யூகமன்று. மே 25-இல் ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற வர்த்தகக் கப்பல் ஏவுகணையால் எரிந்தபோது, அதிலிருந்த மூன்று பெரிய ஷினூக் ஹெலிகாப்டர்கள் அழிந்தமையால் சிப்பாய்கள் தீவைக் குறுக்கே கால்நடையாகவே கடக்க நேர்ந்தது. ஜூன் 8-இல் துணைப்பிரிவைச் சேர்ந்த ‘சர் கலஹாட்’ ஃபிட்ஸ்ராயில் குண்டுபட்டு எரிந்ததில் 48 பேர் மாண்டார்கள். அவர்களுள் ஹாங்காங் சீன மாலுமிகளும் இருந்தார்கள் என்பதைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் உரத்துச் சொன்னதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. சில போர்க்கப்பல்கள் வழக்கமான தங்கள் சாதனங்களோடு அணுசக்தி ஆழ்கடல் குண்டுகளையும் வைத்துக்கொண்டே 1982-இல் தெற்கே புறப்பட்டிருந்தன. சண்டைக்குப் போகும் கப்பலில் அவை இருக்கலாகாது என்று கருதி, பிரயாணத்தின் நடுவே, நான் மேலே வருணித்த அதே முறைகளால், அவற்றைக் கடலிலேயே கப்பல்விட்டுக் கப்பல் மாற்றினார்கள். அக்காரியத்தில் ஃபோர்ட் ஆஸ்டினுக்கும் பங்கு இருந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 2003-ஆம் ஆண்டில். முட்டைக்கோசும் அணுகுண்டும் ஒரே கிட்டங்கியின் பேரேட்டில் ஏறியதைப் பற்றி அந்தக் கணக்குப்பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ, யாரும் அவர்களைக் கேட்டு எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிந்தைய வருஷங்களை விரைவில் சொல்லிவிடலாம். 2000-ஆம் ஆண்டில் சியரா லியோன் உள்நாட்டுக் கலகத்தின்போது அங்கே சென்ற கப்பற்படையோடு அது போயிற்று. அதே ஆண்டில் சகோதரக் கப்பலான ஃபோர்ட் கிரேஞ்சின் பெயர், ‘ஃபோர்ட் ஜார்ஜ்’ என்ற மற்றொரு கப்பலின் பெயரோடு குழம்புகிறதென்று, ‘ஃபோர்ட் ரோஸலி’ என மாற்றப்பட்டது. 2009-இல் ஃபோர்ட் ஆஸ்டின் பர்க்கன்ஹெட் துறையில் ஒதுக்கிக் கட்டப்பட்டது. மறு ஆண்டில் சிக்கனத்தை உத்தேசித்து, அதைவிட வயதில் இளைய ஃபோர்ட் ஜார்ஜையே கழித்துவிட முடிவு செய்த அரசாங்கம், முதியவளை மீண்டும் தட்டியெழுப்பிப் பழுதுபார்த்து 2012-இல் கடலுக்கு அனுப்பியது. இளையதை உடைக்க விற்றுவிட்டு முதியதைச் செப்பனிடுவதில் என்ன சிக்கனம் என்று கணக்கறிந்தவர்கள் அப்போதே கேட்டார்கள். 2021 மார்ச் 31-இல் இரண்டு சகோதரக் கப்பல்களும் ஒரே நாளில் சேவையிலிருந்து நீக்கப்பட்டன.

அவற்றின் இடத்தை நிரப்பப் புதிய கப்பல்கள் அப்போது தயாராயில்லை. மூன்று கப்பல்களுக்கு 160 கோடி பவுண்டு ஒப்பந்தம் 2023 ஜனவரியில்தான் கையெழுத்தாயிற்று. இடைக்காலத்தில் திடப்பண்டங்களைச் சுமக்க எஞ்சியது ‘ஃபோர்ட் விக்டோரியா’ ஒன்றே; அதற்கும் ஆள் போதாமையால் பிற்பாடு அது துறையிலேயே கட்டிக் கிடந்தது. இரண்டு புதிய விமானந்தாங்கிகளைப் பெருஞ்செலவில் கட்டிய தேசம் அவற்றுக்குச் சோறு கொண்டுபோகும் கப்பலை மறந்துவிட்டதென்று சொன்னால் அது அதிகப்படியாகாது. மாலுமிகளின் சம்பளமும் வருஷக்கணக்காய் விலைவாசிக்குப் பின்னே தங்கிவிட, 2024 ஆகஸ்டில், துணைப்பிரிவின் நூற்றாண்டுச் சரித்திரத்தில் கண்டறியாதபடி, அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போர்வீரனுக்கு அந்த உரிமை இல்லை. தாங்கள் குடிமக்கள் என்பதை நீலக் கொடியின் கீழிருந்தவர்கள் அன்று அட்மிரல்களுக்கு நினைவூட்டினார்கள்.

ஃபோர்ட் ஆஸ்டினையும் ஃபோர்ட் ரோஸலியையும் உடைக்கும் தளத்திற்கு அனுப்பவில்லை. நாற்பது வயதைக் கடந்த அவ்விரண்டையும் 2021 அக்டோபரில் ஒரு தேசத்தின் கடற்படை விலைக்கு வாங்கிற்று. வாங்கியது எகிப்து, 1956-இல் பிரிட்டிஷ் துருப்புகள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிய சூயஸ் கால்வாய்க்கு உரிய அதே எகிப்து.